ஒன்றாம் தேதி வரட்டும்

டிசம்பர் 27

அருமைத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நான் சுகம். நீ சுகமா என்று கேட்கவில்லை. கேட்டால் "சூப்பர்" என்பாய். உன் சூப்பரை நம்பி எத்தனை தடவை மோசம் போயிருக்கிறேன்!

நவம்பர் மாதத் தாள் இன்னும் வந்து சேரவில்லை. தபாலில் போட்டாச்சு என்று போனில் சொன்னாய். அக்டோபர் தாள் நாலே நாளில் வந்ததே, நவம்பர் தாளுக்கு மட்டும் காலில் சுளுக்கா? டிசம்பர் தாளாவது மாதம் முடிந்த கையோடு வர வேண்டும்.

இத்துடன் ஜனவரித் தாள் வைத்திருக்கிறேன். ஸ்கேல் வைத்து நானே கட்டம் போட்டது. நாளைக்கு இரண்டு கட்டம், மொத்தம் அறுபத்திரண்டு. காலையில் பல் தேய்த்ததும் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு. சாயங்காலம் பேக்கரியிலிருந்து வந்ததும் ஒவ்வொரு சொட்டு. விட்டதும் டிக். யானையையா குளிப்பாட்டச் சொல்கிறேன்? ஒரு விரல் நீளப் பாட்டிலைக் கவிழ்க்க நாற்பத்தேழு வயது ஆளுக்கு இவ்வளவு நோவா?

கண்ணுக்குள் அழுத்தம் ஏறுவது வலிக்காது, அதுதான் அதன் சூது என்று உன் டாக்டர் அம்மா என்னிடமே சொன்னார்கள். ஓரத்திலிருந்து பார்வை போகும், போனது திரும்பாது. அப்பா கடைசிக் காலத்தில் கதவு நிலையில் முட்டிக்கொண்டே நடந்தாரே, நாம் கவனம் போதாது என்று அவரைத் திட்டினோமே, அது இதுதான். நானும் போய்ப் பரிசோதித்துக்கொண்டேன். எனக்கு ஒன்றும் இல்லையாம். கண் தப்பித்தது, முட்டி மாட்டிக்கொண்டது. ஜனவரி பத்தாம் தேதி ஆபரேஷன். மாடி வீட்டுத் தையல்காரி கூட இருப்பாள். நீ வர வேண்டாம். சொட்டைப் போடு, அது போதும்.

ஒழுங்காக இரு.

அக்கா


ஜனவரி 5

அன்புள்ள அக்கா,

பத்தாம் தேதி உனக்கு ஆபரேஷன். கத்தியைப் பார்த்ததும் டாக்டரை வரிசையில் நிற்கச் சொல்லிவிடாதே. முப்பத்தைந்து வருடம் விளையாட்டு டீச்சராக விசில் ஊதியவள் நீ. அங்கே படுத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். முட்டி மாற்றியவர்களுக்கு ஒரு வாரம் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும், அப்புறம் ஓடலாம் என்று எங்கள் பேக்கரி அடுப்புக்காரர் சொல்கிறார். அவருக்கு முட்டி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எல்லாம் தெரியும்.

டிசம்பர் தாளில் கிரீம் கொட்டிவிட்டது. பிசுபிசு என்று ஆனதால் தூக்கிப் போட்டுவிட்டேன். கோபப்படாதே.

இங்கே ஒரு கூத்து கேள். போன வாரம் ஒரு குழந்தையின் பிறந்தநாள் கேக். ஏழு எழுத்துப் பெயர். நான் வழக்கம்போல் கிரீமைப் பிழிந்து எழுதி, கடைசி எழுத்துக்கு ஒரு சுழி வைத்து நிமிர்ந்தேன். பார்த்தால் கேக்கில் ஆறு எழுத்துதான். ஏழாவது எழுத்து கீழே அட்டையில் உட்கார்ந்திருக்கிறது. முதலாளி அம்மா, "என்னப்பா, பேர் இறங்கி வீட்டுக்குக் கிளம்பிடுச்சா?" என்றார்கள். எல்லோரும் சிரித்தோம். கத்தியால் வழித்துவிட்டு நெருக்கி எழுதிக் கொடுத்தேன்.

உன் கடிதத்தில் ஒரு அடித்தல் கிடையாது, ஒரு திருத்தல் கிடையாது. அச்சடித்ததுபோல் இருக்கிறது. இப்போதும் தப்பு வந்தால் கிழித்துவிட்டு முதலிலிருந்துதான் எழுதுகிறாயா? என் மூன்றாம் வகுப்பு நோட்டு ஞாபகம் இருக்கிறதா? வாய்ப்பாட்டில் ஒரு தப்பு வந்தால் பக்கத்தையே கிழிப்பாய். கடைசியில் அட்டையை மட்டும் கொண்டுபோய் வாத்தியாரிடம் நீட்டினேன். "நோட்டை ஆடு தின்னுடுச்சா?" என்று கேட்டார்.

கண் சூப்பர்.

உன் தம்பி


பிப்ரவரி 4

தம்பிக்கு,

முட்டி ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்துவிட்டேன். அதைப் பற்றி எழுத இப்போது மனம் இல்லை.

உன் ஜனவரித் தாள் வந்தது. அறுபத்திரண்டு டிக். பார்த்ததும் மாடி வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "பார்த்தியா, என் தம்பி திருந்திட்டான்" என்று காட்டினேன். அவள் தையல்காரி, கண் கூர்மை. தாளைத் திருப்பிப் பார்த்தாள், கவரைத் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, கவர்ல முப்பதாம் தேதி முத்திரை இருக்கு. முப்பத்தொண்ணாம் தேதிக்கும் சேர்த்து டிக் போட்டிருக்காரே" என்றாள்.

அவள் முன்னால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் போன பிறகு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அறுபத்திரண்டும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். எத்தனை வருகைப் பதிவேடு பார்த்திருப்பேன்? எனக்கே காது குத்துகிறாயா?

நவம்பரும் பொய், டிசம்பரும் பொய். கேக்கிலிருந்து எழுத்து இறங்கி வந்ததை வேடிக்கை என்று எழுதியிருக்கிறாய். அது வேடிக்கையா? கேக்கின் ஓரம் உனக்குத் தெரியவில்லை. படித்த அன்றே எனக்கு அது உறுத்தியது, ஆபரேஷன் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

உனக்கு வெட்கம் இல்லையா? பாராத பயிரும் கேளாத கடனும் பாழ் என்பார்கள். நான் பார்த்துப் பார்த்து வளர்த்த பயிர் நீ, எப்படியடா பாழாய்ப் போனாய்? "நான் சோம்பேறி, நான் பொய்யன்" என்று நூறு தடவை எழுதி அனுப்பு. இல்லாவிட்டால் இந்த முட்டியோடு வண்டி ஏறி வந்து உன் வீட்டில் உட்கார்ந்து வேளைக்கு வேளை விசில் ஊதுவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அக்கா


பிப்ரவரி 15

அக்காவுக்கு,

நீ சொன்னபடி எழுத உட்கார்ந்தேன். சிரிக்காதே, நிஜமாகவே உட்கார்ந்தேன். முப்பத்தாறாவது வரியில் "சோம்பேறி"யில் ஒரு எழுத்தை விட்டுவிட்டேன். கை தானாகத் தாளைக் கிழித்தது. கிழித்துவிட்டு, புதுத் தாள் எடுத்து, ஒன்று என்று எண் போட்டேன். அங்கேயே பேனாவை வைத்துவிட்டேன். என்ன நடக்கிறது என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது.

உன்னிடம் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் முழுக்க ஒரு வேளை விடாமல் போட்டேன். அது பொய் இல்லை. நவம்பர் நாலாம் தேதி காலை மறந்துவிட்டேன். பேக்கரிக்குப் போன பிறகுதான் ஞாபகம் வந்தது. சாயங்காலம் வந்து தாளைப் பார்த்தேன். நடுவில் ஒரு ஓட்டைக் கட்டம். மாதம் கெட்டுப்போய்விட்டது என்று தோன்றியது. கிழித்துவிட்டேன். சரி, ஒன்றாம் தேதி வரட்டும், சுத்தமாக ஆரம்பிக்கலாம் என்று இருந்துவிட்டேன்.

அந்த இருபத்தாறு நாளும் பாட்டில் அலமாரியில்தான் இருந்தது, அக்கா. கையை நீட்டினால் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

டிசம்பரில் ஒன்பதாம் தேதி தவறியது. கிரீம் கொட்டவில்லை, நான்தான் கிழித்தேன். ஜனவரியில் ஆறாம் தேதி. இன்னொரு தாளைக் காணோம் என்று சொல்லப் பயந்துபோய்க் கட்டமெல்லாம் நிரப்பி அனுப்பினேன். இந்த மாதம் இரண்டாம் தேதியே தவறிவிட்டது. கூட்டிப் பார்த்தால் நவம்பரிலிருந்து பதினேழு நாள்தான் சொட்டு விட்டிருக்கிறேன்.

பன்னிரண்டாம் தேதி டாக்டர் அம்மாவைப் பார்த்தேன். இடது கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறது என்று ஒரு படம் எடுத்துக் காட்டினார்கள். முழுக்கக் கறுப்பு, நடுவில் ஒரு சாவித் துவாரம் அளவுக்கு வெள்ளை. "ஏன் போடலை?" என்று கேட்டார்கள். ஒன்றாம் தேதிக்காகக் காத்திருந்தேன் என்று எப்படிச் சொல்வது? பைத்தியக்காரன் என்று நினைக்கமாட்டார்களா?

சோம்பேறித்தனம் இல்லை, அக்கா. தவறிய அன்று கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்தால், இந்த மூஞ்சிக்கு மருந்து ஒரு கேடா என்று தோன்றுகிறது. அதோடு பாட்டிலை உள்ளே வைத்துவிடுகிறேன்.

கண்ணும் இப்போது அந்த மூன்றாம் வகுப்பு நோட்டு மாதிரி ஆகிவிட்டது. அட்டை மட்டும் மிச்சம்.

தம்பி


பிப்ரவரி 24

என் கண்ணே,

உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். எழுதி எழுதிக் கிழித்தேன். அதைச் சொல்லவே இப்போது வெட்கமாக இருக்கிறது.

அம்மா போனபோது உனக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்திரண்டு. அப்பா ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டார். "அக்கா வளர்த்த பிள்ளை, உருப்படுமா பார்க்கலாம்" என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசினார்கள். எனக்குப் பயம், தம்பி. ஒரு தப்பை விட்டால் நீ கையை விட்டுப் போய்விடுவாய் என்று பயம். எனக்குத் தெரிந்ததெல்லாம் விசிலும் வரிசையும்தான். அதையே உனக்கும் ஊதினேன். நீ பயந்து ஒழுங்காக இருந்தாய், நான் அதை வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டேன். நான் கிழித்தது நோட்டைத்தான் என்று இத்தனை வருடம் இருந்துவிட்டேனடா.

இப்போது கெஞ்சிக் கேட்கிறேன். இந்தக் கடிதம் கைக்கு வருகிற நாள் எதுவோ அன்றைக்கே போடு. இருபத்தேழாம் தேதியோ இருபத்தெட்டாம் தேதியோ, எதுவாக இருந்தாலும் போடு. "ரெண்டு நாள்தானே, ஒண்ணாம் தேதி பார்த்துக்கலாம்" என்று நீ நினைப்பாய். எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அப்படித்தான் நினைப்பேன். உனக்கு மட்டும் சொல்கிறேன்: முட்டிக்கு தினமும் இருபது தடவை காலைத் தூக்கி இறக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் தவறியது. அதற்கப்புறம் நான் தூக்கவே இல்லை. கால் மடங்க மறுக்கிறது. திங்கட்கிழமை வரட்டும் என்று இருக்கிறேன். மூன்று திங்கட்கிழமை வந்து போய்விட்டன.

ஒரு எழுத்து கீழே விழுந்தால் கேக்கைத் தூக்கிப் போடுவாயா? வழித்துவிட்டு எழுதினாய் அல்லவா?

அக்கா


மார்ச் 13

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் இருபத்தேழாம் தேதி கிடைத்தது. இரண்டு நாள்தானே என்று காத்திருந்து ஒன்றாம் தேதிதான் ஆரம்பித்தேன். நீ சொன்னது பலித்தது. ஐந்தாம் தேதி தவறியது. மறுநாள் பாட்டிலைக் கையில் எடுத்தேன், மூடியைக்கூடத் திறந்தேன். முடியவில்லை. திரும்ப வைத்துவிட்டேன். ஏன் என்று கேட்காதே. என் கை, என் கண், நடுவில் ஒரு சாண் தூரம். அதைக் கடக்க முடியவில்லை.

கேக் வேறு, அக்கா. கேக் இன்னொருவருடைய குழந்தைக்கு. அதைக் கெடுக்க மனசு வராது.

பெயர் எழுதும் வேலையை முதலாளி அம்மா இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். திட்டவில்லை. "கொஞ்ச நாள் ரொட்டி கட்டுங்க, கண் சரியானதும் பார்க்கலாம்" என்றார்கள். கண் சரியாகாது என்று நான் சொல்லவில்லை. ரொட்டியைத் தடவிப் பார்த்தே கட்டிவிடலாம். கை வெதுவெதுப்பாக இருக்கிறது. அவ்வளவுதான் அதில் இருக்கும் நல்லது.

உன் முட்டியைப் பற்றிப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் அக்கா இப்படிச் செய்கிறாய்? இரண்டு நாள் தவறினால் என்ன, குடியா முழுகிவிடும்? பரவாயில்லை. உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே, பாவம் அந்தக் கால், எத்தனை வருடம் மைதானத்தில் உனக்காக ஓடியது. இருபது வேண்டாம், இன்றைக்கு நாலு தடவை தூக்கு. முடியாவிட்டால் இரண்டு. நாற்காலியில் உட்கார்ந்தே செய். செய்துவிட்டு ஒரு வாய் காபி குடி. திங்கட்கிழமைக்கெல்லாம் காத்திருக்காதே.

நொண்டி நொண்டி நடக்கும் அக்காவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

தம்பி


மார்ச் 23

தம்பி,

இந்தக் கடிதத்தைக் கிழிக்கப்போவதில்லை. எப்படி வந்தாலும் இப்படியே அனுப்பப்போகிறேன். முதல் வரியிலேயே அடித்திருக்கிறேன் பார். வழக்கம்போல் "ஒழுங்கு" என்று ஆரம்பித்தது கை.

உன் கடிதத்தை மாடி வீட்டுக்காரியைப் படிக்கச் சொன்னேன். முட்டியைப் பற்றி நீ எழுதிய இடம் வந்ததும் அவள் நிறுத்திவிட்டு, "இதை யார் யாருக்கு எழுதுறாங்க அக்கா?" என்று கேட்டாள். தம்பி எனக்கு எழுதுகிறான் என்றேன். "அவருக்கு அவரே எழுதிக்கக் கூடாதா?" என்றாள். துணியை ஊசியால் குத்துகிற பழக்கத்தில் என்னையும் குத்திவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்குப் புதன்கிழமை. நாற்காலியில் உட்கார்ந்து நாலு தடவை தூக்கினேன். வியாழன் ஒன்றும் இல்லை. வெள்ளி இரண்டு. அழுகையாக வந்தது, வலியால் இல்லை. யாரும் அதட்டாமல் நான் செய்த முதல் உடற்பயிற்சி அதுதான் என்று நினைக்கிறேன். காபியும் குடித்தேன்.

இந்த இடத்தில் மூன்று வார்த்தை அடித்திருக்கிறேன். "உன்னை நம்பி எப்படி" என்று எழுத வந்தேன். வேண்டாம்.

இனிமேல் கட்டம் போட்ட தாள் வராது. நீ எதையும் எனக்கு அனுப்ப வேண்டாம். போட்டாயா என்று கேட்கமாட்டேன். கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

ஒன்பது வயதில் உன் வாய்ப்பாட்டைப் பார்த்துவிட்டு நான் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். பரவாயில்லைடா தங்கம். தப்பு அங்கேயே இருக்கட்டும். அடுத்த வரியை எழுது.

முப்பத்தெட்டு வருடம் தாமதம். இருந்தாலும் எழுதிவிட்டேன். இங்கேயும் ஒரு அடித்தல். நான் அழுத இடத்தில் வேறு மை கலைந்திருக்கிறது, கண்டுகொள்ளாதே.

அக்கா


ஏப்ரல் 20

தம்பிக்கு,

நாலு வாரம் ஆகிறது. பதில் இல்லை. போனும் எடுக்கவில்லை. பேக்கரிக்குப் போன் செய்தேன். அடுப்புக்காரர், "வேலைக்கு வர்றாரும்மா, பேச்சுதான் குறைஞ்சு போச்சு" என்றார். நீ இருக்கிறாய் என்பதற்கு அந்த ஒரு வாக்கியம்தான் என்னிடம் இருக்கிறது. அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

எனக்குக் கை ஒடிந்ததுபோல் இருக்கிறது. ஒரு மைதானம் நிறையப் பிள்ளைகளை ஒரு விசிலில் நிறுத்தியிருக்கிறேன். ஒரு சொட்டு மருந்தை ஒரு கண்ணில் விழவைக்க என்னால் முடியவில்லை. அதட்டினேன், நடக்கவில்லை. கெஞ்சினேன், நடக்கவில்லை. நான் வந்து என் கையால் விடலாம் என்றால், எத்தனை நாளைக்கு? எனக்கு அறுபது வயது. எனக்குப் பின்னும் உனக்குக் கண் வேண்டுமே.

முட்டி கொஞ்சம் மடங்குகிறது. நேற்று ஆறு தடவை. அதற்கு முந்தின நாள் செய்யவில்லை.

கேட்கமாட்டேன் என்று சொன்னேன். கேட்கவில்லை. நீ எப்படி இருந்தாலும், கண்ணோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நீ என் பிள்ளை. அதற்குக் கட்டமும் இல்லை, டிக்கும் இல்லை.

அக்கா


மே 12

அன்புள்ள அக்கா,

எழுத்து பெரிது பெரிதாக இருக்கும், வரி கோணலாகப் போகும். பொறுத்துக்கொள். நாலு இடத்தில் அடித்திருக்கிறேன். கிழிக்கவில்லை.

இடது கண் முடிந்துவிட்டது. ஏப்ரல் முதல் வாரமே டாக்டர் அம்மா சொல்லிவிட்டார்கள். அந்தச் சாவித் துவாரமும் மூடிக்கொண்டது. இதை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். வலது கண் பாதிக்கு மேல் இருக்கிறது. இனி அது எத்தனை நாளைக்கு என்பது சொட்டைப் பொறுத்தது என்றார்கள்.

உன் மார்ச் மாதக் கடிதத்தை மருந்துப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். முழுதும் படிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை. அடித்தல்களை எண்ணினேன். பதினொன்று. எங்கள் விசில் அக்காவின் கடிதத்தில் பதினோரு அடித்தல்! அடுப்புக்காரரிடம் காட்டினேன். "உங்க அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

இந்த மாதமும் ஒன்றாம் தேதிதான் ஆரம்பித்தேன். பழக்கம் போகவில்லை. எட்டு நாள் நன்றாகப் போயிற்று. அப்புறம் தவறியது. வேலை முடிந்து வந்து கண்ணாடி முன்னால் நின்றேன். வாய் வழக்கம்போல் திட்ட ஆரம்பித்தது. உன் முட்டிக்காக நான் எழுதியது நடுவில் ஞாபகம் வந்தது. அதையே சத்தமாகச் சொன்னேன். "பரவாயில்லை. பாவம் அந்தக் கண்ணு. உன்னை நீயே திட்டிக்காத." நாற்பத்தேழு வயதில் தனியாக நின்று தன்னையே கொஞ்சுவது எவ்வளவு கூச்சமாக இருக்கிறது தெரியுமா? காது சிவந்துபோய்விட்டது. நாளைக்கு மறுபடி சொல்ல வருமா என்று தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை, அக்கா.

நடந்ததை மட்டும் எழுதுகிறேன். ஒன்பதாம் தேதி காலை மறந்துவிட்டேன். ஒன்பதாம் தேதி சாயங்காலம் போட்டுக்கொண்டேன்.

உன் தம்பி